எட்டு என்று சொல்பவர்கள்

அந்த ஆள் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தபோதே நிமிஷக்கா மூக்குக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். உள்ளே என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவரோ நகைக்கடைக்காரர் கல்லைக் காட்டுவது போலப் பக்குவமாகப் பிரித்தார். அவருடைய கன்னத்துத் தோல்தான். ஐந்தாறு துண்டுகள், வெங்காயச் சருகு மாதிரி. ஒரு துண்டில் இரண்டு தாடி மயிர் அப்படியே குத்திக்கொண்டு நின்றது. எவ்வளவு பெரிசாக வந்திருக்கிறது பாருங்கள் என்று பெருமைப்பட்டார். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று முக்கால் மணி நேரம் உரித்தாராம்.

பிய்க்காதீர்கள், தானாக உதிரட்டும் என்று போன தடவை அவரிடம் மூன்று முறை சொல்லி, அச்சடித்த தாளையும் கையில் கொடுத்துத்தான் அனுப்பியிருந்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. பிய்த்த இடமெல்லாம் இப்போது கன்றிப்போய், ஒரு ஓரத்தில் மஞ்சளாக நீர் கோத்துக்கொண்டிருந்தது. அவள் கையுறை மாட்டிக்கொண்டு காகிதத்தின் ஓரத்தைப் பிடித்து வாங்கி, காலால் மிதித்துத் திறக்கிற குப்பைத்தொட்டிக்குள் போட்டாள். ஆளுக்கு முகம் சுண்டிவிட்டது. திரும்ப வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று இருந்தார் போல.

அவள் வேலை பார்த்தது ஒரு தோல் டாக்டரம்மாவின் கிளினிக்கில். கீழே டாக்டரம்மாவின் அறையும் காத்திருக்கும் நாற்காலிகளும். மாடியில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை, சாய்கிற நாற்காலி ஒன்று, கையை மடக்கி நீட்டுகிற பூதக்கண்ணாடி விளக்கு ஒன்று. அங்கேதான் பருவுக்கும் பரு வடுவுக்கும் பீல் போடுவார்கள். முகத்தில் மருந்தைத் தடவி, மேல் தோலைக் கொஞ்சம் பொசுக்கி, நாலைந்து நாளில் அது உரிந்து விழ வைக்கிற வைத்தியம். மருந்து என்பது சுத்தமான ஆசிட்தான். ஆனால் அந்த வார்த்தையை அறைக்குள் உச்சரிக்கக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. நோயாளி எழுந்து ஓடிவிடுவாராம்.

பதினோரு வருஷமாக அவள் அந்த அறையில் இருந்தாள். முதலில் முகத்தை எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைப்பாள். மூக்கோரம், கண்ணோரம், உதட்டோரம் வாசலின் வைப்பாள். பிறகு சின்ன பிரஷ்ஷால் நெற்றி, கன்னம், தாடை, கடைசியில் மூக்கு என்று மருந்தைத் தடவிவிட்டு, கையில் பிடிக்கிற மின்விசிறியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சத்தமாக எண்ணுவாள். ஒரு நிமிஷம் ஆச்சு. ரெண்டு நிமிஷம் ஆச்சு. இதனால்தான் அவளுக்கு நிமிஷக்கா என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

இரண்டு நிமிஷத்துக்கு வைப்பதா நாலுக்கு வைப்பதா என்பது நோயாளி சொல்லும் எண்ணில் இருக்கிறது. ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு எரிகிறது என்று அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்பாள். ஒன்று என்றால் எறும்பு ஊர்கிற மாதிரி, பத்து என்றால் அடுப்பில் முகத்தை வைத்த மாதிரி. ஏழு என்று சொல்லிவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கிய துணியைப் போர்த்தி மருந்தின் வேகத்தை நிறுத்துவதற்கு அவர்கள் வைத்திருந்த வார்த்தை அது. தீயைச் சொல்வது மாதிரியே சொல்வார்கள். தோல் அங்கங்கே வெள்ளைப் பொடி தூவியது போல வெளுத்தால் பூத்துவிட்டது என்பார்கள். பூத்தபிறகு எண்ணெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

இந்த வேலையில் அவளுக்கு அருவருப்பு இல்லாத நாளே கிடையாது. சீழ் ஒரு பக்கம் இருக்கட்டும், அது உடம்பு. அதற்குமேல் ஆட்கள் இருந்தார்களே. பருவைக் கிள்ளி, கிள்ளிய நகத்தைப் பல்லில் வைத்துக் கடிக்கிறவர்கள். பல் துலக்காமல் வந்து, அவள் குனிந்திருக்கும் நேரம் பார்த்து வாயைத் திறந்து பெருமூச்சு விடுகிறவர்கள். நாற்காலியில் மகளைச் சாய்த்துவிட்டு, இந்த மூஞ்சியை எவன் பார்ப்பான் என்று மகள் காதுபடவே பேசுகிற தாய்மார்கள். அத்தனையையும் மூக்குக்கவசத்துக்குள் பல்லைக் கடித்து விழுங்கிக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கக்கிவிடுவாள்.

வீடு என்பது மூன்று பேர். புருஷன் சந்தையில் மீன் வெட்டுகிறவர். பதினேழு வயதில் ஒரே மகள். புருஷன் காலையிலிருந்து மதியம் வரை மீன் குடலுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்துவிட்டு வந்து, நீ கையை நல்லாக் கழுவினியா, சீழ் தொட்ட கை என்று அவளைக் கேட்பார். சல்லடை ஊசியைப் பார்த்துச் சொன்ன கதைதான். அவர் நகக்கண்ணில் இருக்கும் செதிலைக் காட்டி அவள் திருப்பிக் கொடுப்பாள். ஆனாலும் சாப்பிட உட்கார்ந்ததும் முதலில் அவர் கேட்பது, இன்னைக்கு யாரு வந்தா என்பதாகத்தான் இருக்கும். அவள் கதை இல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அவள் சொல்கிற கதைகளுக்குள்ளே ராஜா ஒன்று உண்டு. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஒரு ஆள் வந்தார். தொடை அளவு கை. அறைக்குள் நுழையவே தோளைச் சாய்க்க வேண்டியிருந்தது. நாற்காலியில் சாய்ந்தவர், அவள் பஞ்சை நெற்றியில் வைத்ததும் எட்டு, எட்டு என்று கத்திக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவள் இன்னும் மருந்தையே திறக்கவில்லை. அது வெறுமே முகம் துடைக்கிற தண்ணி.

அன்றைக்குப் புருஷனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. மகள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். அந்த ஆள் கத்திய மாதிரியே நிமிஷக்கா நாலு தரம் கத்திக் காட்டினாள். அதிலிருந்து அந்த வீட்டில் எட்டு என்றால் தொட்டாச்சிணுங்கி என்று அர்த்தமாகிவிட்டது. மகள் ஊசி போட அழுதால் சரியான எட்டு. விரலில் கத்தி பட்டதென்று புருஷன் ஊதிக்கொண்டு வந்தால், வாங்க எட்டு. பக்கத்து வீட்டுக்காரி தலைவலி என்று படுத்தால் அவள் எட்டம்மா. கிளினிக்கில் நிஜமாகவே ஒருத்தர் எட்டு என்று சொல்லும்போது அவள் கை தாமதிக்காமல் அணைத்துவிடும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் சாயங்காலம் அவர் மேசைக்கு வந்துவிடுவார்.

வாய் பொய் சொல்லும், கால் விரல் பொய் சொல்லாது என்றும் அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். வீம்புக்கு ரெண்டு, மூணு என்று சொல்கிற ஆளின் கால் விரல்கள் நண்டு மாதிரி மடங்கிக்கொள்ளுமாம். அதனால்தான் நாற்காலியில் ஏறுமுன் எல்லோரையும் வெறுங்காலோடு படுக்கச் சொல்வாளாம். இதையெல்லாம் மகள் தட்டில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

மகளுக்குப் பதினைந்தில் பரு வந்தது. முதலில் நெற்றியில் நாலு. பிறகு இரண்டு கன்னமும் தாடையும். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று கீழே வரவேற்பில் இருக்கும் பெண் கிண்டல் செய்தாள். மருந்து கொடுத்தார்கள், களிம்பு கொடுத்தார்கள். கொஞ்சம் அடங்கும், மறுபடி கிளம்பும். பீல் மட்டும் வேண்டாம் என்று ஒரு வருஷம் நிமிஷக்கா பிடிவாதமாக இருந்தாள். ஊரார் முகத்தில் எதைத் தடவுகிறோம் என்று தெரிந்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்.

ஆனால் மகள் வகுப்பில் எடுத்த படத்தில் கடைசி வரிசையில், முன்னால் நிற்பவளின் தலைக்குப் பின்னால் இருந்தாள். கேட்டதற்கு, அங்கேதான் இடம் இருந்தது என்றாள். பேருந்தில் எப்போதும் ஜன்னலைப் பார்த்தே நின்றாள். ஒருநாள் வகுப்பில் ஒருத்தி அவள் குடித்த தண்ணீர் பாட்டிலைத் துடைத்துவிட்டுக் குடித்தாளாம், அது கூடப் பரவாயில்லை, அதைப் பார்த்து இன்னொருத்தி எனக்கு வேண்டாம்ப்பா என்று சொன்னாளாம். அதைச் சொல்லும்போது மகள் அழவில்லை. நான் என்ன எட்டா என்று தானே சிரித்துக்கொண்டாள். நிமிஷக்காவுக்கு அந்த இரண்டு பெண்களையும் நாற்காலியில் சாய்த்து மருந்தைப் பாட்டிலோடு முகத்தில் ஊற்ற வேண்டும் போல இருந்தது. மறுநாளே டாக்டரம்மாவிடம் பேசினாள்.

லேசானது போடலாம், மூணு நிமிஷத்துக்கு மேல வேண்டாம், அடுத்தடுத்த தடவை பார்த்துக்கலாம் என்றார் டாக்டரம்மா.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு மகளை மாடிக்குக் கூட்டிப்போனாள். பீல் போடுமுன் நோயாளியிடம் கேட்டு நிரப்ப வேண்டிய தாள் ஒன்று உண்டு. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், வெயிலில் அலைந்தீர்களா, இந்த வாரத்தில் முகத்தைச் சொரசொரப்பான எதையாவது வைத்துத் தேய்த்தீர்களா. ஒவ்வொருவரையும் கண்ணைப் பார்த்துக் கேட்கிறவள், அன்றைக்குக் கேட்கவில்லை. என்னுடன் ஒரே வீட்டில் தூங்குகிறவள், எனக்குத் தெரியாமல் என்ன இருக்கப் போகிறது என்று எல்லாக் கட்டத்திலும் தானே குறி போட்டாள். மகள் முந்தின நாள் சாயங்காலம் கதவைத் தாழிட்டுக்கொண்டு, மருந்து நன்றாக இறங்கட்டும் என்று கால் தேய்க்கிற கல்லால் இரண்டு கன்னத்தையும் தேய்த்திருந்தது அவளுக்குத் தெரியாது.

ஷூவைக் கழற்று என்றாள். கால் குளிருதும்மா, இருக்கட்டும் என்றாள் மகள். சரி என்று விட்டுவிட்டாள்.

மருந்து தடவி முடிந்தது. ஒரு நிமிஷம் ஆச்சு. எவ்வளவு என்று கேட்டாள். "மூணு" என்றாள் மகள், கண்ணை மூடிக்கொண்டு, தெளிவாக. ஒன்றரை நிமிஷத்தில் மூணு. இரண்டில் மூணு. கண்ணோரம் கசிந்தது. மருந்து நெடிக்கு எல்லோருக்கும் கசிவதுதான் என்று பஞ்சால் ஒற்றினாள். அப்போது வரவேற்புப் பெண் ஏதோ கோப்பு எடுக்க மாடிக்கு வந்து கதவருகில் நின்றாள். நிமிஷக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆறடி ஆம்பளையெல்லாம் இங்கே அலறுறான், என் பொண்ணைப் பாரு, மூணுக்கு மேல போகல என்றாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. மூன்று நிமிஷம் ஆனது. எண் இன்னும் மூணுதான். டாக்டரம்மா சொன்ன கெடு முடிந்துவிட்டது. ஆனால் மூணுதானே, பிள்ளை தாங்குகிறாள், இன்னும் கொஞ்சம் விட்டால் இன்னும் கொஞ்சம் வடு போகுமே என்று ஒரு ஆசை. கதவுப் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டே விசிறியைப் பிடித்திருந்தாள்.

திரும்பிப் பார்த்தபோது இடது கன்னம் பூத்திருந்தது. இரண்டு விரல் அகலத்துக்கு, சுண்ணாம்பு அடித்த மாதிரி.

அவள் கை பதினோரு வருஷப் பழக்கத்தில் தானாக ஓடியது. துணி, சோடாத் தண்ணீர், மறுபடி துணி, குழாயடி, வெறும் தண்ணீர், மறுபடி வெறும் தண்ணீர். மகள் குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். ஒரு சத்தம் வரவில்லை. பொசுங்கிய தோலின் வாடை அந்த அறைக்குள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அதைப் பற்றி அவள் வீட்டில் நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அது தன் பிள்ளையுடையது என்று மூக்குக்கவசத்துக்குள் ஏறியபோது, ஓடிப்போய்க் குப்பைத்தொட்டியைத் திறந்து வாந்தி எடுத்தாள்.

டாக்டரம்மா மாடி ஏறி வந்தார். முதலில் கதவைச் சாத்தினார். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது கேட்டதா என்று முதல் கேள்வி. அதற்குப் பிறகுதான் விளக்கை இழுத்துக் கன்னத்தைப் பார்த்தார். மேலோட்டமான புண்தான், ஆறிவிடும், ஆனால் கருத்துப்போகும், அந்தக் கறுப்பு போக ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகலாம் என்றார். எத்தனை நிமிஷம் என்று கேட்டார். நிமிஷக்கா உள்ளதைச் சொன்னாள். டாக்டரம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மகள் பக்கம் திரும்பி, இவ்வளவு எரிஞ்சா சொல்ல வேண்டாமா என்றார். மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேள்வித்தாள் எங்கே, அதில் நோயாளி கையெழுத்து இருக்கிறதா என்று டாக்டரம்மா அடுத்துத் தேட ஆரம்பித்தார். பதினோரு வருஷம் அந்த அம்மாளிடம் சம்பளம் வாங்கியதை நினைத்து நிமிஷக்காவுக்குக் கூசியது. தாள் முழுக்கத் தன் கையால் போட்ட குறிகளைப் பார்த்தபோது அதைவிடக் கூசியது.

திரும்பி வரும் பேருந்தில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் களிம்பும் அதன்மேல் வலைத்துணியும். கல்லால் தேய்த்ததை அப்போதுதான் சொன்னாள். நிமிஷக்காவுக்குத் திட்ட வாய் வரவில்லை. ஏன்டி சொல்லல, எரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அணைச்சிருப்பேனே என்று மட்டும் கேட்டாள். அவ்வளவா எரியலம்மா என்றாள் மகள். அவள் ஷூவுக்குள்ளே கால்கள் எப்படி இருந்திருக்கும் என்று நிமிஷக்கா யோசிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். குளிரவே இல்லை அன்றைக்கு.

புருஷன் வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மகளின் கன்னத்தைப் பார்த்ததும் கை நின்றது. என்ன ஆச்சு என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நிமிஷக்கா சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மகள் முந்திக்கொண்டு, கொஞ்சம் கூடுதலாகிவிட்டது, ஆறிவிடுமாம் என்றாள்.

"அழுதியா?" என்றார் அவர்.

"நான் என்ன எட்டாப்பா?"

அவர் மேசையில் தட்டிச் சிரித்தார். சிரிப்பில் பாதி நிம்மதி. பொறுத்தார் பூமி ஆள்வார், என் பொண்ணுன்னா பொண்ணு என்று அவள் உச்சந்தலையைத் தடவினார். மகளும் சிரித்தாள். இடது பக்கம் இழுத்துப் பிடித்ததால் வாயின் வலது பாதி மட்டும் சிரித்தது. அப்புறம் அவர் வழக்கம்போல மனைவி பக்கம் திரும்பி, இன்னைக்கு வேற யாரு வந்தா என்று கேட்டார்.

நிமிஷக்கா தட்டைப் பார்த்தாள். தன் வாய் மீதே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஊரான் பருவையும் ஊரான் பயத்தையும் இத்தனை வருஷம் இந்த மேசைக்குக் கொண்டுவந்து கொட்டிய வாய். எரிகிறது என்று சொல்வதை இந்த வீட்டில் கேவலமாக்கிய வாய். மீன் செதிலையும் சீழையும் சொல்லிச் சண்டை போட்டோமே, இரண்டையும் சோப்புப் போட்டால் போய்விடும். தலை வலிக்குது என்று எழுந்துவிட்டாள்.

உள்ளறையில் மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். களிம்பு மாற்ற வேண்டும். நிமிஷக்கா கையைக் கழுவி, வலைத்துணியை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். அடியில் ஈரமாக, சிவந்து, பழுப்பு கட்ட ஆரம்பித்திருந்தது. ஆயிரம் பேர் கன்னத்தைப் பார்த்தவளுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. பார்த்தாள்.

"நெசத்தைச் சொல்லு. எவ்ளோ இருந்துச்சு?"

மகள் கதவுப் பக்கம் பார்த்தாள். அடுத்த அறையில் அவர் தண்ணீர் ஊற்றிக் குடிக்கும் சத்தம் கேட்டது.

"பத்தும்மா" என்றாள் மெதுவாக. "தடவின ஒடனே பத்து. அப்பாகிட்ட சொல்லிடாத."